கீழ்க்கூண்டு

எலி மூத்திரத்தின் நாற்றத்துக்கு ஒரு குணம் உண்டு. சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது. சோப்பு வாசனையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு இன்னும் மோசமாக நாறும். அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை போய் ஜன்னலைத் திறந்துவிடுவாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல, பழக்கதோஷம். தங்கைக்கு முடி அலங்காரக் கடையில் வேலை. நாள் முழுக்கச் சாயத்தையும் ஷாம்புவையும் முகர்ந்துவிட்டு வருகிற அவளுக்கே பொறுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, உன்னைக் கட்டிக்கிறவன் மூக்கே இல்லாதவனா இருக்கணும்" என்பாள் தங்கை.

"தேடிக்கிட்டுதான் இருக்கேன்டி, கிடைக்க மாட்டேங்குது" என்பாள் அக்கா.

வேலையிடத்தில் அவளுக்குப் பெயரே 'மூக்கு'தான். கூண்டில் காற்று கெட ஆரம்பித்தால் கருவி கத்துவதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள். விண்வெளிக்குப் போகும் உயிர்ச் சோதனைகளைத் தரையிலிருந்து பார்த்துக்கொள்வது அவள் வேலை. படித்து முடித்த கையோடு சேர்ந்தவள். முதலில் பாசி, பிறகு பழ ஈ, பிறகு மீன் முட்டை, இப்போது எலி. தலை நரைக்க ஆரம்பித்ததும் அங்கேதான்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வானத்தில் சுற்றும் நிலையத்தில் எலிகள் இருக்கும் பெட்டிக்கு மேல்கூண்டு என்று பெயர். அதே அச்சில் வார்த்த இன்னொரு பெட்டி தரையில் இருக்கும், அது கீழ்க்கூண்டு. மேலே இருப்பவற்றின் கூடப்பிறந்த எலிகள்தான் கீழே இருக்கும். மேலே என்ன நடக்கிறதோ அது இரண்டு நாள் கழித்துக் கீழேயும் நடக்க வேண்டும். மேலே சூடு ஏறினால் கீழேயும் ஏற்ற வேண்டும். மேலே தண்ணீர் தாமதமானால் கீழேயும் காயப்போட வேண்டும். அப்போதுதான் இரண்டு கூட்டத்துக்கும் இடையில் மிஞ்சுகிற வித்தியாசம் எடையில்லாமல் மிதப்பதால் மட்டுமே வந்தது என்று அடித்துச் சொல்ல முடியும். ஆகவே மேலே எவனாவது செய்கிற முட்டாள்தனத்தை எல்லாம் அவள் கீழே ஒழுங்காக, கையுறை மாட்டிக்கொண்டு, திரும்பச் செய்வாள். கேட்டால் சிரிப்பு வரும். அவளுக்கு அது பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது ஒரு நேரலைப் பேட்டியால்.

நிலையத்தில் இருக்கும் விண்வெளி வீரரோடு மந்திரி பேச வேண்டும், பள்ளிப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. கட்டுப்பாட்டு அறைக்குள் பூச்செண்டு, கேமரா, கம்பளம் எல்லாம் வந்து இறங்கின. இயக்குநர் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்திருந்தார். அவர் வராந்தாவில் திரும்பும்போதே அறைக்குள் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் சென்ட். மந்திரிக்கு முன்னால் அவர் வளைந்த வளைவைப் பார்த்து அவளுக்குக் கூசியது. ஒரு மனிதனுக்கு இடுப்பு அவ்வளவு வளையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

பேட்டி தொடங்கியதும் ஒலிபரப்புக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டார். பின்னால் ஏதோ இரைகிறதாம். அது மேல்கூண்டின் விசிறி. மூடிய பெட்டிக்குள் நல்ல காற்றைத் தள்ளுவது அந்த ஒரு விசிறிதான்.

"நிறுத்தச் சொல்லுங்க, கொஞ்ச நேரம்தானே" என்றார் சென்ட்.

"சார், அது எலிங்களுக்குக் காத்து" என்றாள் அவள்.

"எலி மூச்சைப் பிடிச்சுக்கும்மா, மந்திரி பிடிச்சுக்குவாரா?"

எல்லாரும் சிரித்தார்கள். வீரர் கையை நீட்டி விசிறியை நிறுத்தினார். மந்திரி பேசினார், பிள்ளைகள் பேசினார்கள், மறுபடியும் மந்திரி பேசினார். பேட்டி முடிந்ததும் அவள் விசிறியை இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். இரண்டு தடவையும் சென்ட் கையை மட்டும் அசைத்தார். பிறகு எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அவள் கையிலும் யாரோ ஒரு பூச்செண்டைத் திணித்தார்கள். படம் எடுத்து முடிவதற்குள் நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்பக் கிடைத்தபோது மேலே எல்லாரும் தூங்கப் போயிருந்தார்கள். கூண்டின் எச்சரிக்கை விளக்கு திரையில் சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது.

"எழுப்பச் சொல்லுங்க சார்" என்றாள்.

"எலிக்காக ஆளை எழுப்புனாங்கன்னு நாளைக்குப் பேப்பர்ல வரணுமா?" என்றார் அவர்.

வீரர் விழித்து விசிறியை ஓடவிட்டபோது மேல்கூண்டில் பாதிக்கு மேல் செத்திருந்தன.

மறுநாள் காலை கூட்டம். சென்ட்டின் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று அவள் நினைத்தது அவள் தப்பு. மனிதர் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் இருந்தார்.

"பாருங்க, இதுதான் கண்டுபிடிப்பு. எடையில்லாம இருந்தா நுரையீரல் தாங்காது. மேலே செத்துப்போச்சு, கீழே எல்லாம் ஜம்முன்னு இருக்கு. இதைவிட என்ன வேணும்?"

"விசிறி நின்னுதே சார்" என்றார் எலிகளைக் கவனிக்கும் கால்நடை வைத்தியர், பாதிக் குரலில்.

"யார் சொன்னது? கருவி தப்பாக் காட்டியிருக்கு. விசிறி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு." அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "சரிதானே?"

வைத்தியர் உடனே தலையாட்டினார். அவருக்கு ஓய்வுபெற அதிக நாள் இல்லை, வம்பும் வேண்டாம். மற்றவர்களும் ஆட்டினார்கள். பார்வை அவளிடம் வந்தது. அவள் தலையாட்டவில்லை, மேசையில் இருந்த பிஸ்கட் துகளைப் பார்த்தாள். வாயையும் திறக்கவில்லை. இதற்கு முன் சென்ட்டை எதிர்த்துப் பேசிய பெண் ஒருத்தி இப்போது கிடங்கில் உட்கார்ந்து கையுறைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். எலிக்குப் பக்கத்தில் அவளை விடுவதில்லை. இந்த வேலையை விட்டால் மூக்குக்கு வேறு வேலையும் தெரியாது, வேறு ஆசையும் இல்லை.

வெளியே வந்ததும் சென்ட் அவளை ஓரமாக அழைத்தார். "அடுத்த பயணத்துக்குப் பிரிவோட தலைமைக்கு உன் பேரைத்தான் சொல்லியிருக்கேன்மா. கீழ்க்கூண்டுல கை வெக்க வேண்டாம். அது பாட்டுக்கு ஓடட்டும்." தோளில் ஒரு தட்டுத் தட்டினார். சட்டையில் சென்ட் வாசனை ஒட்டிக்கொண்டது. எலி நாற்றம் எவ்வளவோ தேவலை என்று நினைத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போய்த் தோளைத் தேய்த்துக் கழுவினாள்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஒண்ணும் செய்யாம இருந்தா கீழே இருக்கிறது பிழைச்சுக்கும்ல? நல்லதுதானே?" என்றாள் தங்கை.

"பிழைச்சா அது பொய்டி. அந்த ஆள் அதைக் காட்டியே பேர் வாங்கிடுவான்."

"நிறுத்தினா?"

"நிறுத்தினா அதுங்க சாகும். ஆனா மேலேயும் விசிறி நின்னுதான் செத்துச்சுன்னு அப்பட்டமாத் தெரிஞ்சுபோகும்."

தங்கை முகத்தைச் சுளித்தாள். "என்னக்கா கண்றாவி வேலை இது" என்று எழுந்துபோய்த் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள்.

அவளுக்கும் கண்றாவியாகத்தான் இருந்தது. ஆனால் படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க ஒரு தெம்பு வந்தது. வாயால் சொன்னால் அது சண்டை, எதிர்ப்பு, கிடங்கு. விதிப்படி விசிறியை நிறுத்தினால் அது வேலை. வேலை செய்ததற்காக யாரையும் கிடங்குக்கு அனுப்ப முடியாது. எதிர்த்துப் பேசாமலே அந்த ஆளின் பொய்யை உடைத்துவிடலாம். என்ன சாமர்த்தியம் என்று தன்னையே மெச்சிக்கொண்டு தூங்கியும் போனாள்.

குறித்த நாள் வந்தது. கீழ்க்கூண்டு இருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மேலே எப்போது நின்றதோ அதே கணக்கில் விசிறியை நிறுத்தினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. எலிகள் வழக்கம்போல மீசையைத் துடைத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு இருந்தன. பெட்டியின் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் காற்று வரும் துளைப் பக்கம் நகர்ந்தன. மூக்கைத் துளையில் அழுத்தின. ஒன்றை ஒன்று மிதித்துத் தள்ளின. சின்னச் சின்ன வாய்கள் திறந்து திறந்து மூடின. பெட்டியின் இடுக்கு வழியாகக் கசிந்த நாற்றம் கண்ணை எரித்தது, தொண்டையை அறுத்தது. சுவிட்ச் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் தொடவில்லை. உண்மைக்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

சேதி எட்டி, சென்ட் கதவைத் தட்டினார். திறந்தாள்.

"யாரைக் கேட்டு நிறுத்தின?"

"மேலே நின்னுச்சு சார். கீழேயும் நிக்கணும். விதி."

"மேலே நிக்கலைன்னு நான் சொன்னேன்ல?"

"அப்ப ஓடவிடுங்க சார். சுவிட்ச் இங்கேதான் இருக்கு, உள்ளே வாங்க."

அவர் இரண்டு எட்டு வைத்தார். அத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நாற்றம் முகத்தில் அறைந்தது. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்தினார்; பெட்டிக்குள் குவிந்துகிடந்ததைப் பார்த்தார்; ஓங்கரித்துக்கொண்டே திரும்பி ஓடினார். வராந்தாவில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. அவளுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

எல்லாம் முடிந்து விசிறியை ஓடவிட்டு, பெட்டியைத் திறந்தாள். மேலே செத்த அளவுக்கே கீழேயும் செத்திருந்தன. உடம்புகள் ஈரமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பிரித்துப் பிரித்து எடுத்தாள். பிழைத்தவை மூலையில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தன. பொய் செத்தது என்று நினைக்க முயன்றாள். வாயில் புளிப்புத்தான் ஊறியது.

சில நாளில் வெளியிலிருந்து ஆய்வுக்குழு வந்தது. அதன் தலைவி வயதான அம்மாள். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். சென்ட் அதற்குள் சட்டையை மாற்றிக்கொள்வதுபோலக் கதையை மாற்றியிருந்தார்.

"விசிறி நின்னதுன்னு தெரிஞ்ச உடனே, கீழேயும் நிறுத்திப் பாத்துடலாம்னு நான்தான் சொன்னேன். உண்மைன்னு வந்துட்டா நாங்க தயவுதாட்சண்யம் பாக்கிறதில்லை."

வைத்தியர் இதற்கும் தலையாட்டினார். சென்ட்டைப் பார்த்து, இப்படியும் ஒரு பிறவி இருக்குமா என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சரி, மேலே ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார் தலைவி.

"ஏதோ கோளாறு..."

"கோளாறு இல்லை" என்றாள் அவள். குரல் தானாக வந்துவிட்டது. "நிறுத்தச் சொன்னாங்க. மந்திரியோட பேட்டியில சத்தம் கேட்டுச்சுன்னு சார்தான் நிறுத்தச் சொன்னார். அப்புறம் ஓடவிடச் சொல்ல விடலை."

சென்ட்டின் முகத்தில் ஈயாடவில்லை. தலைவி அவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

"மறுநாள் கூட்டத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அங்கேயே இதைச் சொல்லியிருந்தா மேல்கூண்டையே கணக்குல சேக்காம தள்ளியிருப்போமே. ஒரு வரி. அதுக்கு மேலே எதுவும் தேவைப்பட்டிருக்காது." அவர் திட்டவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "கீழே இருந்ததை எதுக்கும்மா கொன்னீங்க?"

விதி என்று சொல்ல வாய் போனது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால் அந்த அம்மாள் ஒத்துக்கொள்வார் என்றும் தெரிந்தது. எதிரே சென்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆளைப் பார்த்தபோது வந்த அருவருப்பு இப்போது அவள் பக்கமே திரும்பி நின்றது.

"சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றாள். "அதனால அதுங்களைச் சாகவிட்டுச் சொல்ல வெச்சேன்."