கொழுப்பு

முப்பது வருடமாக என் புருஷன் கோதண்டம் வாயைத் திறந்தால், "உனக்குக் கொழுப்புடி" என்பார். நானும் சளைக்காமல் பதில் கொடுப்பேன். கோட்டைக்குப்பத்துக்கே அது பழகிப்போயிருந்தது.

எண்பத்து நாலாம் வருடம் பழவேற்காட்டு மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டரம்மாவும் அதையே சொன்னார். மார்பைச் சோதித்துவிட்டு, "கட்டி எதுவும் இல்லம்மா. ஆனா மாதவிலக்கு நின்னப்புறம் உடம்புல இருக்கிற கொழுப்பே பெண் ஹார்மோனை உண்டாக்கும். அது அதிகமானா மார்புல புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கூடும். எடையைக் குறைங்க" என்றார்.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த புருஷனிடம் வந்து பீற்றிக்கொண்டேன். "என் கொழுப்பு சும்மா குந்திக்கினு இல்லியாம்யா, வேலை செய்யுதாம். உன்னை மாதிரியா?"

அவர் சிரிக்கவில்லை. "கட்டி இல்லைன்னு நல்லா பாத்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு ஒரு வாரம் அந்தச் சொல் அவர் வாயில் வரவே இல்லை. வேண்டுமென்றே மீன் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். பேசாமல் சாப்பிட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"யோவ், எனக்கு இன்னாவோ ஆயிட்ட மாதிரி பாக்காதே. கொழுப்புடின்னு ஒரு தடவை திட்டிட்டுப் போ. பயமா கீது."