காது என்ன, துருப்பிடிச்ச நட்டா?

என் தம்பி லாரி மெக்கானிக். எந்த நட்டு இறுகினாலும் எண்ணெய் விட்டு ஊற வச்சுக் கழட்டிடுவான். அந்தப் புத்தியைத்தான் பெத்த பொண்ணு காதுலயும் காட்டினான், பாவி.

தாய் இல்லாத பிள்ளை. சளி பிடிச்சு, வலது காது வலிக்குதுன்னு அப்பன் மடியை விட்டு இறங்காம அழுதுச்சு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடான்னு மாடியில என் வீட்டுலேர்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். காதுவலிக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, நீ சும்மா இரு அக்கான்னுட்டான். பூண்டைத் தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விட்டான்.

மறுநாள் காலையில வலி சட்டுனு நின்னு, காதுலேர்ந்து சீழ் வடிஞ்சுது. அழுக்கெல்லாம் கழண்டு வருதுன்னு துரைக்கு ஒரே சந்தோஷம். மிச்சம் மீதி இருக்கக் கூடாதுன்னு இன்னும் கொஞ்சம் சூடாவே விட்டான். பிள்ளை அலறினதைக் கேட்டு விழுந்தடிச்சு இறங்கி ஓடினேன். தலை சுத்தி நிக்க முடியாம, சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்துச்சு.

டாக்டரம்மா திட்டக்கூட இல்ல. நாலு திட்டு திட்டியிருந்தா எனக்காவது மனசு ஆறியிருக்கும். சவ்வு கிழிஞ்சதாலதான் வலி நின்னிருக்கு, சீழ் வர்ற காதுல நாமளா எதையுமே விடக் கூடாது, அந்த ஓட்டை வழியா சூடு உள்காது வரைக்கும் போயிருக்குன்னு பொறுமையா சொன்னாங்க. ஓட்டை பிறகு மூடிடுச்சு. ஆனா அந்தக் காது மட்டும் கேக்கவே இல்ல. இனிமே கேக்காதுன்னும் சொல்லிட்டாங்க.

அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கணும்னு எத்தனையோ தடவை கீழ இறங்கிப் போனேன். அவன் முகத்தைப் பார்த்ததும் திரும்பி மேல ஏறி வந்துடுவேன். சரியா சாப்பிடுறதில்ல, பேசுறதில்ல. வேலைக்குப் போவான், வருவான், பிள்ளை பக்கத்துல உக்காந்திருப்பான்.

நேத்து சாயங்காலம் துணி எடுத்துட்டு இறங்கினேன். பிள்ளை அவன் மடியில ஒருக்களிச்சுப் படுத்திருந்தது. வலது காது மேல இருந்துச்சு. அவன் குனிஞ்சு அந்தக் காதுல வாயை வச்சு, "அப்பாவை மன்னிச்சிடு கண்ணு"ன்னான். இத்தனை மாசத்துல அதை அவன் சொல்லி நான் கேட்டதே இல்ல.

பிள்ளை உடம்பை நெளிச்சுச் சிரிச்சுது. "ஊதாதேப்பா, கூசுது."

அவன் வாயை எடுத்துட்டு நிமிர்ந்தான். அவ தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தா. ஏதாவது சொன்னியாப்பான்னு கேட்டு, புரண்டு படுத்து, கேக்கற காதைக் காட்டினா. அவனால இன்னொரு தடவை சொல்ல முடியல.