சப்பான் தோட்டத்தில் கேட்டவள்

உச்சிவெயிலில் ஜப்பான் தோட்டத்துச் சிவப்புப் பாலத்தின் மேல் ஒரு பெண் ஏறி நிற்பதைப் பார்த்ததும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏற்கெனவே இரண்டு பலகை உளுத்துக் கிடக்கிறது. உடைந்தால் யார் தலையில் விடியும்? தோட்டவேலை பார்க்கும் மாலி, என் தலையில்தான். இந்தப் பொட்டானிக்கல் தோட்டத்தில் மரத்துக்கு மரம் பேர் எழுதித் தொங்கவிட்ட துரை, எங்கோ பார்த்துவிட்டு வந்து மூலையில் இதையும் கட்டச் சொன்னார். ஒரு குளம், வளைந்த பாலம், நம் கல்தச்சர்கள் படத்தைப் பார்த்துச் செதுக்கிய கல்விளக்கு, தினமும் நான் வாரியால் கோடு இழுக்க வேண்டிய மணல் திட்டு. அவ்வளவுதான் ஜப்பான். சண்டையில் ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்ததும் பெயர்ப்பலகையில் தார் பூச உத்தரவு வந்தது. நானே பூசினேன். போலீஸ்காரர் இரண்டு தரம் வந்து, இங்கே யார் யார் வருகிறார்கள் என்று துருவிவிட்டுப் போனார். ஜனங்கள் மட்டும் இன்னமும் சப்பான் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

"கீழ எறங்கு புள்ள!" என்று கத்தினேன்.

இறங்கி வந்தாள். இருபத்துநாலு வயதிருக்கும். தூரத்தில் குழாயடியில் ஒரு பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. சப்பான்காரரு எங்கீங்க இருக்கறாரு?"

"எந்தச் சப்பான்காரரு?"

"இந்தத் தோட்டத்துக்காரருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அவள் பேர் பாவாயி. எடப்பாடிப் பக்கம். புருஷன் ராசப்பன் கலியாணமான நாலாம் மாசமே மலேயா ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறியவன், ஏழு வருஷமாகிறது. காகிதம் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து இரண்டரை வருஷமாய் அதுவும் இல்லை. செத்துத்தான் போயிருப்பான் என்று ஊரில் முடிவு கட்டிவிட்டார்கள். வருகிற ஆடி அமாவாசைக்குப் பவானிக் கூடுதுறையில் தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்து, இவள் தாலியை வாங்கிவிடுவதாகப் பேச்சு. இன்னும் நாலே நாள். சேலத்தில் சப்பான் தோட்டம் இருக்கிறது என்று சந்தையில் யாரோ சொல்ல, சப்பான்காரன் ஒருத்தனாவது அங்கே இல்லாமலா இருப்பான், கேட்டால் ராசப்பனைப் பற்றித் தெரியாதா என்று, மாமனார் காலில் விழுந்து பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரி போட்டு ஓட்டும் கரி பஸ்ஸில் கூட்டி வந்திருக்கிறாள்.

"அப்படி யாரும் கெடையாதும்மா. இது நம்ம ஆளுங்க கட்டுனது."

கல்விளக்கைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் கல்லாவது அங்கிருந்து வந்ததுங்களா?"

"கஞ்சமலைக் கல்லு."

சட்டென்று கிட்டே வந்தாள். "அண்ணா, மாமா வாராரு. ஆளு இருக்கறாரு, வெளியூரு போயிருக்கறாரு, தை மாசந்தான் வருவாருன்னு சொல்லிப்போடுங்க. அதுவரைக்கும் காரியத்தத் தள்ளி வெப்பாங்க. ஒரே ஒரு வார்த்தைங்க."

ஒரு வார்த்தைதான். ஆனால் இங்கே ஜப்பான்காரன் இருக்கிறான் என்று நான் சொன்னதாகப் பெரியவர் பஸ்ஸில் நாலு பேரிடம் சொல்லி, அது போலீஸ் காதுக்குப் போனால்? எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். யோசித்து முடிப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

"ஏனுங்க, இங்க சப்பான்காரங்க..."

"யாருமில்லீங்க" என்றேன்.

பாவாயி என்னைத் திட்டவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெரியவர் ஆச்சரியப்படவும் இல்லை. அவருக்கு முதலிலேயே தெரியும், மருமகள் மனசு ஆறட்டும் என்றுதான் கூட்டி வந்திருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்ததும் விளங்கியது.

"கேட்டாச்சில்ல சாமி? வா, பஸ்ஸு போயிரும்."

நாலடி நடந்தவர் என்னிடம் திரும்பி வந்தார். "ஏனுங்க, இங்க பூப் பறிக்கக் கூடாதாமா. இருந்தாலும் புள்ளைக்கு ரெண்டு பூவு குடுப்பீங்களா? அமாவாசைக்கு மேல அது வெக்க முடியாதுங்க."

கத்தரியைத் தேடக்கூட இல்லை. ரோஜாப் பாத்தியில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் முள்ளோடு ஒடித்தேன். மேலதிகாரி பார்த்தால் பார்க்கட்டும். ஒரு வார்த்தை சொல்ல வராத தைரியம் பூப் பறிக்க வந்து யாருக்கு என்ன லாபம்? த்தூ!

அவள் எல்லாவற்றையும் வாங்கி, ஒன்று விடாமல் கொண்டையில் செருகிக்கொண்டாள். தலை கொள்ளவில்லை. வாசல் கதவருகே போகும்போது ஒரு பூ நழுவி விழுந்தது. மாமனார் கவனிக்காமல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவள் நின்று, திரும்பி வந்து, குனிந்து அதை எடுத்தாள். மண்ணை ஊதினாள். மறுபடியும் தலையில் வைத்து, விழுந்துவிடாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடியே வெளியே நடந்தாள்.