டைரக்டா, ரீசேலா

கையை நீட்டச் சொன்னாள் வரவேற்பில் இருந்த பெண். செம்மொழி நீட்டினாள். மணிக்கட்டில் தங்க நிறப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டிவிட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, மல்லிகை மாலையைக் கழுத்தில் போட்டு, "வெல்கம் மேடம்" என்றாள் அந்தப் பெண். மன்னார்குடியில் ஆஸ்பத்திரி நர்ஸ் செம்மொழி. பிரசவ வார்டில் பதினெட்டு வருஷமாக, பிறந்த பிள்ளைகளின் கையில் பட்டை கட்டிவிடுகிறவள். அவள் கையில் இன்னொருத்தி கட்டிவிடுவது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் அவள் புருஷன் பரிதி, கழுத்து மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கோயில் மாடு மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

தஞ்சாவூர் பெட்ரோல் பங்க் ஒன்றில் பரிதி விளையாட்டாக எழுதிப் போட்ட சீட்டு கொண்டுவந்து சேர்த்த யோகம் இது. சுவாமிமலைக்குப் பக்கத்தில், ஆற்றோரமாக, விடுமுறைச் சங்கம் ஒன்றின் விடுதி. இரண்டு நாள், நேரடி உறுப்பினர் மாதிரியே தங்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. பதிலுக்கு உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும், பிடித்தால் உறுப்பினராகச் சேரவேண்டும். அறைகளுக்கெல்லாம் நெல்லின் பெயர். இவர்களுக்குக் கிடைத்தது மாப்பிள்ளைச் சம்பா. "இருவது வருஷம் கழிச்சு நான் மறுபடியும் மாப்புள்ள" என்று பரிதி காதில் சொன்னதற்கு அவள் முழங்கையால் இடித்தாள்.

படியில் ஒரு குடும்பம் பெட்டிகளோடு காத்திருந்தது. அவர்கள் கார் முன்னாலேயே வந்திருந்ததைச் செம்மொழி பார்த்திருந்தாள். அந்தக் கைகளில் வெள்ளைப் பட்டை. மாலை இல்லை. தங்கப் பட்டைக்காரர்களை அனுப்பிவிட்டுத்தான் அவர்களைக் கூப்பிட்டார்கள். முந்தி வந்தவர்களை நிறுத்திவைத்து முதலில் தன்னை அழைத்தபோது செம்மொழியின் மனசு குளுகுளுவென்று இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? நாற்பத்துமூன்று வயதில் முதல் முதலாகக் கிடைத்தது, அவள் ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கண்ணாடி அறையில் ரஞ்சித் வந்து உட்கார்ந்தான். உறுப்பினர் சேர்க்கிறவன், நாகப்பட்டினத்துப் பையன், பேச்சில் அப்படி ஒரு குழைவு. இருபத்தைந்து வருஷம், வருஷத்துக்கு ஒரு வாரம், ஊட்டியோ மூணாறோ கோவாவோ. சங்கத்திடமே வாங்கினால் ஒன்பது மாதம் முன்னதாகவே அறையைப் பதிந்துகொள்ளலாம். போகாத வாரத்தை அடுத்த வருஷத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு விடுதிகளோடு மாற்றிக்கொள்ளலாம். மகள் சுடர்விழி பேருக்கு எழுதிவைத்தாலும் தங்கப் பட்டை தங்கப் பட்டைதான். காலை டிபன், பரிசல், மாட்டுவண்டி, நாற்று நடும் அனுபவம் எல்லாம் இலவசம்.

"நாத்து நடுற அனுபவமா?" பரிதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க மாமியாரு நாப்பது வருஷம் நட்டாங்க தம்பி. அனுபவத்துக்கு நீங்க அவங்களுக்குப் பென்ஷனுல்ல குடுக்கணும்?"

ரஞ்சித்தும் சிரித்தான். சிரிக்கச் சம்பளம் வாங்குகிறவன்.

பரிதி கால்நடை ஆய்வாளர். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டான். நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டான். "எங்க டாக்டர் தியாகராசன் சார் இதே கார்டு வச்சிருக்காரு. புள்ளைங்க அமெரிக்கா போயிட்டாங்க, வித்துடுறேங்கிறாரு. பதினோரு வருஷம் பாக்கி இருக்கு. உங்க வெலையில கால்வாசிதான் சொல்றாரு. அத வாங்குனா என்ன?"

"தாராளமா வாங்கலாம் சார். ரீசேல். அறுவது நாளைக்கு முன்னாடிதான் புக்கிங். சேத்து வைக்க முடியாது, வெளிநாடு கெடையாது, ஆக்டிவிட்டி கெடையாது. வெள்ளப் பட்டை." ரஞ்சித் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ரூம் கைமாறும் சார். மரியாதை கைமாறாது."

"வருஷாவருஷம் கட்டுற பராமரிப்பு?"

"அது ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் சார்."

செம்மொழிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பேச்சை அவள் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறாள், வார்த்தைகூட அதிகம் மாறவில்லை.

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே அவள் ஊர். அப்பா அரசப்பன் பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் பட்டணம் போய், நிலம் விலைக்கு வந்தபோது, சீட்டுப் பணமும் அம்மா காத்தாயியின் தோடும் சேர்ந்து மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், நிலமாயிற்று. கோயிலை ஒட்டிய நிலம். அந்த நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான் திருவிழாவின் கடைசி நாள் முதல் பரிவட்டம். தலையில் பட்டுத்துணி கட்டி, முதல் விபூதி கொடுப்பார்கள். கிரயமான வருஷம், வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு, பத்து வயதுச் செம்மொழிக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிப்போனார் அப்பா. கோயில் பெரியவர் ஒருத்தர் சிரித்த முகமாகவே சொன்னார்: "நெலத்ததான அரசப்பா எழுதிக் குடுத்தாங்க? மரியாதையையுமா எழுதிக் குடுத்தாங்க?" மாவுக்கு இவ்வளவு என்று திருவிழா வரியை மட்டும் போன வாரமே வந்து வாங்கிப்போயிருந்தார்கள். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை அதைப் பிரிக்கவில்லை.

அப்பா போனபின் அந்த மூன்று மாவும் அவள் பேருக்கு வந்தது. அறைக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"வடக்கால ஒன்றரை மாவை வித்துடலாங்க. டைரக்டாவே வாங்கிடுவோம்."

பரிதி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "மாமா வாங்குன நெலத்தையா? நமக்கு என்ன வேணும் செம்மொழி? வருஷத்துல ஏழு நாளு, நைட் டூட்டி இல்லாம நீ தூங்கணும். அது கால்வாசி வெலையிலயே கெடைக்குதுல்ல?"

"எப்ப கெடைக்கும்? நமக்கு ஒழியுறது சித்திரை, வைகாசிதான். அறுவது நாளைக்கு முன்னாடி கேட்டா மே மாசத்துல ஊட்டி குடுப்பானா? அடமழையில போங்கம்பான்."

அது வாஸ்தவம் என்று பரிதியும் ஒத்துக்கொண்டான். ஆனாலும் விடவில்லை. "சரி, வெளிநாடு? நாம எந்த நாட்டுக்குப் போகப் போறோம்?"

"போறோமோ இல்லியோ. போகக் கூடாதுன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பரிவட்டக் கதை அவனுக்கும் தெரியும். இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அது போதுமானதாக இருந்தது. "ஒன் நெலம், ஒன் கையெழுத்து" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளைக் கொஞ்சம் உறுத்தியது.

மறுநாள் காலை ஆற்றைப் பார்த்த மேசைகளில் தங்கப் பட்டைக்காரர்களுக்கு டிபன். வைகாசியில் ஆற்றில் என்ன இருக்கும்? மணலும் நாணலும்தான். ஆனாலும் ஆற்றைப் பார்த்த மேசை. பரிதி இரண்டாவது பொங்கலுக்குப் போயிருந்தான். உள்ளே கூட்டம் என்று தட்டோடு வந்து நின்றாள் நேற்றுப் படியில் காத்திருந்த அந்தப் பெண். "இங்க உக்காரலாமாக்கா?"

"உக்காருங்க உக்காருங்க."

பெயர் ஜஸீலா. முத்துப்பேட்டையில் புருஷனோடு மருந்துக்கடை நடத்துகிறாள். சிரித்த முகம், முக்காட்டைச் சரிசெய்துகொண்டே மூச்சுவிடாமல் பேசுகிறவள். இரண்டே நிமிஷத்தில் இருவரும் பிள்ளைகளின் படிப்பையும், கடைக்கு வருகிற மருந்துச் சீட்டுகளில் டாக்டர்களின் கையெழுத்தையும் பேசித் தீர்த்துவிட்டார்கள். செம்மொழி அவள் தட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, ரொம்பப் பிரியமாகத்தான், கேட்டாள்.

"நீங்க டைரக்டா, ரீசேலா?"

கேட்ட வாய் மூடவில்லை, அவளுக்கே உறைத்துவிட்டது. வெள்ளைப் பட்டை கண்ணுக்கு நேரே மேசைமேல் இருந்தது. தெரியாமலா கேட்டாள்? தெரிந்துகொண்டேதான் கேட்டாள். அந்தப் பெண்ணின் வாயாலேயே அது வரவேண்டும் என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மூத்த நர்ஸ் ஒருத்தி இப்படித்தான் டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "நீடாமங்கலம் பக்கமா? எந்தத் தெரு?" அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. அவளும் பிரியமாகத்தான் கேட்டாள். சீச்சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது செம்மொழிக்கு. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு காகிதப் பட்டை, அதற்குள் எப்படி வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது இந்தக் கேள்வி!

ஜஸீலா சட்டைக்கையை மெல்ல இழுத்துப் பட்டையை மூடினாள். அவளுக்கே தெரியாமல் நடந்த காரியம் அது. பிறகு சிரித்தாள்.

"ரீசேல்தான்க்கா. மூணு வருஷமாச்சு. கதவச் சாத்திட்டா எல்லா ரூமும் ஒண்ணுதான? துபாய்லேந்து தங்கச்சி வந்தா ரெண்டு பேரும் ஒரு வாரம் இங்க இருப்போம். வீட்டுல சேந்தா அடுப்படிலதான் பேசணும். இங்க ஒரு டம்ளர் கழுவ வேணாம். அதுக்கு இது போதும்க்கா." குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணுதான் ஆச. இந்த நாத்து நடுறது. எங்க வீட்டச் சுத்தி வயலுதான். பொம்பளப் புள்ளய சேத்துல எறங்க விடமாட்டாங்க. நாப்பத்தோரு வயசாச்சு, வயக்காட்டுச் சேறு எப்படி இருக்கும்னே தெரியாது."

"எங்கள எறங்கமாட்டேன்னு சொல்ல விடமாட்டாங்க" என்றாள் செம்மொழி. இருவரும் சிரித்தார்கள். செம்மொழிக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பத்து மணிக்கு வயலுக்குக் கூப்பிட்டார்கள். மதிலுக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் வெடித்துக் கிடக்க, மதிலுக்குள்ளே மட்டும் போர் தண்ணீர் விட்டு உழுது, கட்டில் அகலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாத்தி. வரப்பில் குடை நட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ரஞ்சித் கையில் டேப்லட்டோடு வந்தான். "மேடம், இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்தான் இந்த வெல. படிவம் ரெடியா இருக்கு. கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா..." பரிதி ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எறங்கிட்டு வந்துடுறேன் தம்பி" என்றாள் செம்மொழி.

ஜஸீலா வரப்புக்கு வந்ததும் சீருடைக்காரர் ஒருத்தர் கையைக் குறுக்கே நீட்டினார். மரியாதையாகத்தான். "வெள்ளப் பட்டை வரப்புலேந்து பாக்கலாம் மேடம். போட்டோ எடுத்துக்கலாம்." ஜஸீலா தலையாட்டிவிட்டு, போனைக் கைப்பைக்குள் போட்டு, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செம்மொழி இறங்கினாள். கணுக்கால் வரை சேறு ஏறியது. முப்பது வருஷம் ஆயிற்று. கால் கொஞ்சம் தடுமாறியது, கை தடுமாறவில்லை. நாற்று முடியை அவிழ்த்து, இரண்டு மூன்று நாற்றாகப் பெருவிரலால் பிரித்து, அழுத்தி, அடுத்தது, அழுத்தி, அடுத்தது. பக்கத்துப் பாத்திகளில் சிரிப்பும் கூச்சலுமாக வேரை மேலாக்கி நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவரும் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை. பின்னால் பின்னால் நகர்ந்து போய்க்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது, குனிந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அம்மா நடும்போது தன் வலது பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு நடாமல் விட்டுப் போவாள். பள்ளிக்கூடம் விட்டுச் செம்மொழி ஓடிவந்து இறங்குவதற்கு அது. அவள் வரும்வரை அந்த இடம் அப்படியே கிடக்கும்.

"மேடம்" என்று வரப்பிலிருந்து ரஞ்சித் கூப்பிட்டான். "முடிஞ்சிருச்சா மேடம்?"

முடியவில்லை. பாத்தியின் இடது பாதி முழுக்கப் பச்சையாக நின்றது. வலது பக்கம், வரப்பை ஒட்டி, ஒரு ஆள் அகலத்துக்கு வெறும் தண்ணீர். அதில் வானம் தெரிந்தது.

செம்மொழி நிமிர்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. ஒரு நாற்று முடியை எடுத்து, வரப்பைப் பார்த்து நீட்டினாள்.

"ஜஸீலா, வாங்க. இது ஒங்க எடம்."

"மேடம், அவங்க ரீசேல்..." என்று ஆரம்பித்தார் சீருடைக்காரர்.

"எடம் விட்டுட்டேங்க" என்றாள் செம்மொழி. "இனிமே அத யாராவது நட்டுத்தான ஆகணும்?"

ரஞ்சித் கையிலிருந்த டேப்லட்டின் வெளிச்சம் அணைந்துவிட்டது. அவன் அதைத் தட்டவில்லை. பரிதி முதல் தடவையாக ஆற்றிலிருந்து பார்வையைத் திருப்பினான். நீட்டிய கையிலிருந்து சேறு முழங்கைவரை வழிந்தது, மணிக்கட்டில் பட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஜஸீலா ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றக் காலைத் தூக்கியபடி, சீருடைக்காரரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள்.