நேராக நின்றவள்

அறிவியல் கண்காட்சி என்றால் நம்மூரில் என்ன நடக்கும் என்று தெரியாதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தெர்மாகோல் எரிமலையை அப்பா செய்வார். ஆறாம் வகுப்பின் எலுமிச்சம்பழ பேட்டரிக்கு மாமா ஒயர் சுற்றுவார். எட்டாம் வகுப்பின் காற்றாலை கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். சார்ட்டில் பெயர் எழுதுவது மட்டும் பிள்ளைகளின் வேலை. அதிலும் பாதி அம்மாவின் கையெழுத்து.

தி.நகரில், தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஷண்முகப்ரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பாத்திரக்கடையை விட்டு அப்பா அம்மாவால் நகர முடியாது. "பாப்பாவ கூடவே வச்சுக்க, சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று அம்மா பங்கஜம் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டிலிருந்து கிடைத்தது அந்தப் பொறுப்பு ஒன்றுதான். பாப்பா என்பது தங்கை அனுப்ரியா. அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சைக்கிளிலிருந்து விழுந்து வலது முழங்காலில் பெரிய கட்டோடு நொண்டிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் பிரியாவின் செய்முறையைப் போல் அன்றைக்கு அந்தப் பள்ளியில் இன்னொன்று இல்லை. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவளும் தோழி அஃப்ராவும் சேர்ந்து இயற்பியல் கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் கறுப்பு சார்ட் ஒட்டி அடைத்துவிட்டார்கள். ஒரே ஒரு இடத்தில் காசளவு ஓட்டை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், எதிர்ச்சுவர் முழுக்கத் தெரு வந்து விழும். கேட், இளநீர் வண்டி, ஆட்டோ, போகிற வருகிற ஜனம் எல்லாம் கலரில், அசைந்துகொண்டு, தலைகீழாக. ஒளி நேர்கோட்டில்தான் போகும். தலையிலிருந்து வருவது கீழே விழும், காலிலிருந்து வருவது மேலே விழும். சுவரில் பார்க்கும்போது வலது கை இடது கையாகத் தெரியும். பிரியா இதை மூச்சு விடாமல் ஒப்பிப்பாள்.

காலையில் அஃப்ராதான் முதலில் பார்த்தாள். இளநீர் வண்டியின் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் நிற்கிறாள், இவர்கள் பள்ளிச் சீருடையில். ஆனால் அவள் மட்டும் தலைகீழாக இல்லை. அத்தனை பேரும் சுவரில் பல்லி மாதிரி தொங்கிக்கொண்டிருக்க, அவள் ஒருத்தி நேராக நின்று இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ தலகீழா நின்னாத்தான்டி சுவத்துல நேரா தெரிவா" என்றாள் அஃப்ரா.

பிரியா வெளியே ஓடிப்போய்ப் பார்த்தாள். வண்டிக்குப் பக்கத்தில் வெறும் மட்டைக் குவியல்தான். திரும்பி வந்தால் சுவரில் அந்தப் பெண் இருக்கிறாள். ஆனாலும் முதல் பரிசு ஆசை யாரை விட்டது? சார்ட்டில் வேறெங்கோ கீறல் இருக்கிறது, அதனால் விழும் நிழல், நடுவரிடம் மூச்சு விடாதே என்று அஃப்ராவின் வாயை அடைத்துவிட்டாள். சார்ட்டில் கீறல் எதுவும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

மதியத்துக்கு மேல் நடுவர் வந்தார். அடையாறில் ஏதோ கல்லூரியில் பேராசிரியர், பெயர் சங்கரன். கூடவே இயற்பியல் ஆசிரியர் மாணிக்கவாசகம், பின்னால் பெற்றோர் கூட்டம். நடுவருக்கு நம்பிக்கை வரவில்லை. எங்கோ புரொஜெக்டரை ஒளித்து வைத்துப் படம் ஓட்டுகிறீர்களா என்று மேஜைக்கடியில் குனிந்தே பார்த்துவிட்டார். பிரியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அனுவின் கையில் மேஜை துடைக்கிற சிவப்புத் துணியைக் கொடுத்து, கேட்டுக்கு வெளியே போய் ஆட்டச் சொன்னாள்.

"எங்க நிக்கணும்?" என்று கேட்டது குழந்தை.

"இளநீர் வண்டிகிட்ட."

வேறு இடமா இல்லை அந்தத் தெருவில்? ஆனால் அங்கே நின்றால்தான் படம் பளிச்சென்று விழும். அந்த நேரத்தில் அவளுக்கு அது மட்டும்தான் தோன்றியது.

சுவரில் அனு வந்தாள், தலைகீழாக, நொண்டிக்கொண்டு. சிவப்புத் துணியை ஆட்டினாள். பெற்றோர்கள் கை தட்டினார்கள். நடுவரும் சிரித்தார்.

அப்போது நேராக நின்றவள் நகர்ந்தாள். மெதுவாக வந்து அனுவின் கையைப் பிடித்தாள். அனு சட்டென்று துணி ஆட்டுவதை நிறுத்தினாள். பிறகு அவள் உருவம், ஸ்க்ரூ திருகுவது போல், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்து, இன்னும் திரும்பி, தலை மேலே வந்துவிட்டது. மற்றவள் அதே அளவு திரும்பித் தலைகீழானாள்.

"பேஷ்! எப்டிம்மா பண்ணினே?" என்றார் சங்கரன்.

பிரியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

அனு அங்கேயேதான் நின்றிருந்தாள், துணியும் கையுமாக, சிரித்தபடி. பிரியா அவளை வாரி அணைத்துக்கொண்டாள். கடவுளே, கடவுளே என்று வாய் தானாக முணுமுணுத்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வராந்தாவில் பாதி தூரம் வந்த பிறகுதான், குழந்தை எந்தக் காலை நொண்டுகிறாள் என்று பார்த்தாள். கட்டு இடது முழங்காலில் இருந்தது.

"என்னக்கா?" என்றது அது. குரலும் அனுவின் குரல்தான்.

பிரியா இருட்டறைக்குள் நுழைந்து சுவரைப் பார்த்தாள். இளநீர் வண்டியின் பக்கத்தில் அனு நின்றிருந்தாள், நேராக, தனியாக. வாய் திறந்து திறந்து மூடியது. அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். சத்தம் மட்டும் இல்லை. பிரியா ஓட்டையில் கண்ணை வைத்து வெளியே பார்த்தாள். வெயிலில் வண்டி நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை.

முதல் பரிசு என்று மாணிக்கவாசகம் சார் அறிவித்ததும் ஒரே ஆரவாரம். போட்டோ எடுக்க வேண்டும், சார்ட்டையெல்லாம் கழற்றுங்கள் என்றார். பிரியா ஓட்டைக்குப் பக்கத்தில் போய் இரண்டு கையாலும் சார்ட்டை ஜன்னலோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். கழற்றாதீர்கள் சார், தங்கச்சி சார் என்று அழுதாள். அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழந்தை சமர்த்தாக நின்றிருந்தது. பரிசு கிடைத்த சந்தோஷத்தில் பெண்ணுக்கு அழுகை வருகிறது என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது சுவரில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பங்கஜம் இறங்கினாள், தலைகீழாக. அவளைப் பார்த்ததும் அனு ஓடினாள். காலைத் தேய்த்துக்கொண்டு ஓடி, அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். கை உள்ளே போய் வெளியே வந்தது. மறுபடி பிடித்தாள். பங்கஜம் ஆட்டோக்காரரிடம் என்னவோ சொல்லிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அனுவைத் தாண்டி நடந்து வந்துவிட்டாள். கேட்டைத் தாண்ட முடியாமல் அனு வெளியிலேயே நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.



வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. பங்கஜம் உள்ளே வந்து, பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் வைத்தது.

"அம்மா, சுவத்தப் பாருங்கம்மா" என்றாள் பிரியா.

அதற்குள் மாணிக்கவாசகம் சார் அடுத்த ஜன்னலின் சார்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். கூடம் முழுக்க வெளிச்சம் கொட்டியது. சுவரில் சுண்ணாம்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிரியா ஓடிப்போய் அந்த இடத்தில் இரண்டு கையையும் வைத்துத் தடவினாள், மேலே, கீழே, மறுபடி மேலே.

"யாரடி தேடுற?" என்றாள் பங்கஜம், குழந்தையின் முதுகைத் தட்டியபடி. "பாப்பாதான் இங்க இருக்காளே."