வெண்ணெய் நிற சீட்டுக்கு ஒரு வேண்டுதல்

ரகுவின் கார் மூச்சு விடும். அவனே சொல்லியிருக்கிறான்.

"லெதர்னா இன்னான்னு நெனச்சே? தோலு. நம்ம தோலு மாதிரிதான். மூச்சு வுடும். கண்டத பூசி அடச்சா செத்துப்பூடும்" என்று அவன் விளக்கியதைக் கேட்காத ஆள் திருநின்றவூரில் அந்தத் தெருவில் கிடையாது. பால் போட வந்தவரும் கேட்டிருக்கிறார், பிறகு அவர் பாலை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போக ஆரம்பித்தார்.

மூன்று பேர் ஓட்டிச் சலித்து விற்ற வெளிநாட்டுக் கார் அது. அந்த மூவரில் முதல் ஆள் பெரிய டாக்டர் என்பது மட்டும் ரகுவின் பேச்சில் வரும். மற்ற இருவரும் வரவே மாட்டார்கள். வெளியே கரும்பளிங்கு மாதிரி பெயின்ட், உள்ளே வெண்ணெய் நிறத்தில் லெதர் சீட்.

ரகுவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் டெபுடி மேனேஜர் வேலை. அங்கே அவன் கம்பெனி பஸ்ஸில்தான் போவான். காற்றில் இரும்புத் தூள் பறக்கிறதாம், பெயின்ட் மேல் உட்கார்ந்து துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கடித்துவிடுமாம். கடைத்தெருவுக்கும் எடுக்க முடியாது, மாடு உரசும். மழையில் எடுக்கக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது. ஆக, ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து வாசலுக்கு வந்து, குளித்து, துவட்டிக்கொண்டு, மறுபடியும் ஷெட்டுக்குள் போய்ப் போர்த்திக்கொண்டு படுப்பதுதான் அந்தக் கார் பெரும்பாலும் போய்வந்த பயணம்.

அந்தக் குளியலைப் பார்க்க வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ நுரை, இன்னொன்றில் நல்ல தண்ணீர். மணல் அடியிலேயே தங்க வாளிக்குள் ஒரு சல்லடைத் தட்டு. கூரையில் ஆரம்பித்துக் கீழே வர வேண்டும், கீழே தொட்ட துணி மேலே ஏறக் கூடாது. துடைக்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். அப்புறம் மெழுகு. அப்புறம் உள்ளே போய், குழந்தைக்குப் பல் விளக்கும் பிரஷ்ஷைவிட மெத்தென்ற ஒன்றால் சீட்டைத் தேய்த்து, தையல் இடுக்குகளை விரலில் சுற்றிய துணியால் துடைத்து, கடைசியில் கண்டிஷனர் தடவி ஊறவிட வேண்டும். இந்தத் துணிகளையெல்லாம் வாஷிங் மெஷினில் தனியாகப் போட வேண்டும். குழந்தையின் துணியோடு சேர்க்கக் கூடாது, குழந்தைத் துணியில் அழுக்கு இருக்கிறது.

அவன் மனைவி திலகவதி அந்தக் காரில் ஏறியிருக்கிறாள். பின்சீட்டில், துண்டு விரித்து, தலையில் எண்ணெய் வைக்காத நாளாகப் பார்த்து.

ஒரே ஒரு நாள் துண்டு விரித்தும் ஏற முடியவில்லை. போன வருஷம் ஐப்பசி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். நிறைமாதக்காரி. அடுப்படியில் நின்றவளுக்குப் பனிக்குடம் உடைந்து கால் வழியே தண்ணீர் இறங்கியது. பிரசவத்துக்குத் துணையாகக் கடம்பத்தூரிலிருந்து வந்திருந்த அவள் அம்மா சின்னப்பொண்ணு, வாசலுக்கு ஓடிப் போய்க் கத்தினாள்.

"மாப்ள, வண்டிய எடுங்க! கொடம் ஒடஞ்சிடுச்சி!"

ரகு பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மாமியாரைப் பார்த்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த மனைவியைப் பார்த்தான், அவள் புடவையின் கீழ்ப்பாதியைப் பார்த்தான். அப்புறம் சீட்டைப் பார்த்தான்.

"இப்பத்தான் கண்டிஷனர் போட்டேன், ஊறிக்கினு இருக்கு. ஒரு மணி நேரம் யாரும் உக்காரக் கூடாது" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆட்டோன்னா சந்துல கிந்துல பூந்து சீக்கிரம் போவும் அத்த" என்றும் சேர்த்துக்கொண்டான்.

தெருமுனை அந்தோணி ஆட்டோவோடு வந்தார். திருவள்ளூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையும் திலகவதியின் இடுப்புக்குத் தெரிந்தது. வலி வந்தபோது ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் திருப்பினாள். பின்னாலேயே கார் வந்துகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, ரகு தனியாக உட்கார்ந்து ஓட்டிவந்தான். டிரைவர் சீட்டுக்கு அவன் இன்னும் கண்டிஷனர் போட்டிருக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அந்தோணி தன் ஆட்டோ சீட்டை ஒரு பழைய பனியனால் துடைத்துக்கொண்டே, "இதுக்குப் போயி ஏம்மா சாரி சொல்ற, கழுவுனா போச்சி" என்றார்.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். பரத் என்று பெயர் வைத்தார்கள். ரகு ஆபீஸில் லட்டு கொடுத்து, "ஆட்டோவ முன்னால வுட்டுட்டு நான் பின்னாலயே எஸ்கார்ட் மாதிரி போனேன்" என்று சொன்னான். இந்த எஸ்கார்ட் கதையைச் சொந்தக்காரர்களிடமும் சொன்னான். ஒரு தரம் திலகவதியிடமே சொன்னான்.

அன்றைக்குத்தான் அவள் முடிவு செய்தாள். சண்டை போட்டால் அழுகையில் முடியும், பிறகு அவன் ஒரு புடவை வாங்கிக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிடுவான். அவளுக்குப் புடவை வேண்டாம். ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரம் அவன் உயிர் கண்ணெதிரே துடிக்க வேண்டும், அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் உயிர் எங்கே இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

வழி, அவள் மாமியார், ரகுவின் அம்மா ஜானகியம்மாள் மூலமாக வந்தது. ஆடி பிறந்ததும் அவள் பேரனுக்கு மொட்டை போடுகிற பேச்சை எடுத்தாள். ஜானகியம்மாளுக்கு உலகத்தில் பயம் ஒன்றே ஒன்று, செலுத்தாமல் விட்ட வேண்டுதல். அவள் கொழுந்தனார் ஒரு ஆட்டுக்கடாவை நேர்ந்துவிட்டு அப்புறம் கோழியோடு முடித்துக்கொள்ளப் பார்த்து, கை விழுந்து படுத்த கதையை மாதம் ஒரு முறையாவது சொல்லாமல் இருக்கமாட்டாள்.

"ஏண்டியம்மா, அன்னிக்கு வலியோட போசொல்ல நீ எந்த சாமிய கூப்ட்ட? எதுனா நேந்துக்கினியா?"

திலகவதி எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை. ஆட்டோவில் அவள் சொன்ன வார்த்தைகள் சாமிக்கானவையே அல்ல. ஆனால் அந்தக் கேள்வி காதில் விழுந்த நொடியில் முழு வேண்டுதலும் சமைத்த சோறு மாதிரி ஆவி பறக்க அவள் முன்னால் இருந்தது.

"பெரியபாளையத்தாள கூப்ட்டேன் அத்த" என்றாள். "நல்லபடியா பொறந்தா, கொழந்தைக்கு உன் வாசல்லயே மொட்ட போடறேன், எங்க ஊட்டுக்காரரு வண்டியிலயே வரேன்னு சொன்னேன்."

ரகு பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினான். ஆடி ஞாயிறு, பெரியபாளையத்துக் கூட்டம், நடுவில் கரும்பளிங்கு மாதிரி அவன் கார். "போலாமே" என்றான். சனிக்கிழமை முழுக்க மெழுகு போட்டான். முன்சீட்டு, பின்சீட்டு எல்லாவற்றையும் ஊறவைத்துத் துடைத்து, தான் மட்டும் ஒரு முறை முகர்ந்து பார்த்தான்.

வேண்டுதலின் மிச்சம் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வந்தது.

"அத்த, அது இன்னொன்னும் சொல்லிக்கினேன். மஞ்சத்தண்ணி ஊத்திக்கினு, வேப்பஞ்சேல கட்டி சுத்திட்டு, ஈரம் காயாம அதோடவே வண்டியில ஊட்டுக்கு வரணும்னு."

ரகுவின் கையிலிருந்த தோசை நின்றது. "ஈரத்தோடயா? சரி, பெரிய டவலா ரெண்டு போட்டுக்கலாம். மேல பிளாஸ்டிக் ஷீட்டு..."

"விரிப்பு இல்லாமன்னு நேந்துக்கினேங்க."

"இன்னாது?"

"ஒடம்புக்கும் சீட்டுக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாதுன்னு. அங்கப்பிரதட்சணத்துல தரையில பாய் போட்டுக்கினா உருளுறாங்க?"

"எவளாவது இப்டி நேந்துக்குவாளாடி? வேணும்னா தங்கத்துல கண்மலரு வாங்கிப் போட்டுடலாம். லெதர்ல மஞ்ச பட்டா போவாது!"

"டேய்!" என்றாள் ஜானகியம்மாள். "உங்க சித்தப்பன் இப்டித்தான் பேரம் பேசினான். படுத்த படுக்கையா பூட்டான். ஆத்தாகிட்ட லெதரு பேசறியா நீ? நாளைக்கு ஹைவேல போசொல்ல அவ வண்டிமேல கைய வெச்சான்னா இன்னா பண்ணுவ?"

பெற்ற பிள்ளையின் பெயரைச் சொல்லியிருந்தால் ரகு இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பான். வண்டி என்றதும் அவன் முகம் வெளுத்தது. விஞ்ஞானம் பேசினாலும் அவன் ராகுகாலம் பார்த்துச் சாவி வாங்கியவன். முன்பக்க பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டவன், அந்த எலுமிச்சை பெயின்ட்டில் படக் கூடாதென்று அதற்கு உறை போட்டவன். ஹைவேயில் ஒரு லாரி தன் காரின் பக்கவாட்டில் கோடு இழுத்துக்கொண்டு போவதை அவன் அந்த நேரமே பார்த்துவிட்டான். காரைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று, அவன் காரைக் கொடுக்கச் சம்மதித்தான்.

"வேற எதுனா இருக்கா?" என்றான் ஈனக்குரலில்.

"ரெண்டு சேவலு. உயிரோட போயி, சுத்திப்போட்டு, உயிரோட திரும்பணும்" என்றாள் திலகவதி. "டிக்கியில போடக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையத்தில் திலகவதி தலையோடு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். வேப்பிலையை இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மஞ்சள் சொட்டச் சொட்டக் கோயிலைச் சுற்றினாள். சன்னதிக்கு எதிரே மட்டும் கொஞ்சம் நின்றாள். 'பொய்தாம்மா. ஆனா அன்னிக்கு நீ பாத்துக்கினுதானே இருந்த. கோச்சிக்காத' என்று மனசுக்குள் சொல்லிக் கும்பிட்டாள். அம்மன் முகத்தில் கோபம் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே சின்னப்பொண்ணு, மாப்பிள்ளையின் வண்டிக்குத் தன்னால் ஆன மரியாதையைச் செய்துகொண்டிருந்தாள். பானெட்டில் சந்தனத்தை மூன்று விரலால் இழுத்துப் பட்டை போட்டு, நடுவில் குங்குமம் அப்பி, அதற்கு மேல் கட்டிக் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"அத்த! தட்டுல! தட்டுல கொளுத்துங்க!"

"தட்டுக்கா மாப்ள ஆக்சிடன்ட் ஆவப்போவுது? வண்டிக்குத்தான?"

கற்பூரம் நின்று நிதானமாக எரிந்தது. அடியில் சனிக்கிழமை மெழுகு உருகி, கறுப்பு பெயின்ட்டில் வெளிறலாக ஒரு வட்டம் விழுந்தது. சுற்றி நின்ற நாலு பேர் பக்தியோடு கையெடுத்துக் கும்பிட்டதால் ரகுவும் கும்பிட்டான்.

பிறகு திலகவதி முன்கதவைத் திறந்தாள். அவசரப்படவில்லை. வேப்பிலையும் ஈரப்புடவையுமாக வெண்ணெய் நிற சீட்டில் உட்கார்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து, ஈரத் தலையைத் தலைச்சாய்வில் வைத்துக்கொண்டாள். மடியில் பரத், புது மொட்டை நிறையச் சந்தனத்தோடு. பின்சீட்டில் சேவல்களோடு சின்னப்பொண்ணும், கோயிலில் படைத்த ஆடிக்கூழ்ப் பானையோடு ஜானகியம்மாளும்.

"ஏசி போடாதீங்க, ஈரம் காஞ்சிடும்" என்றாள் திலகவதி. "மெதுவாவே போங்க. கூழு தளும்புது."

அவன் மெதுவாகத்தான் போனான். பள்ளம் வரும்போதெல்லாம் பின்னால் கூழ் சளக் என்றது. சேவல் சிறகடித்து, பிடி தேடி, நகத்தை எதிலோ ஊன்றியது. எதில் என்று அவனுக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ரகு பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்தான். அப்படி மூச்சை இழுப்பது எப்படி என்பது திலகவதிக்குத் தெரியும். அவள் தலையைத் திருப்பி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். சாலையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

பாதி வழியில் பரத் நெளிந்து, சீட்டோரமாகக் காலைப் பரப்பிக்கொண்டு ஒன்றுக்குப் போனான். அது வேண்டுதலில் இல்லை. அவனாகவே செய்தது.

"ஐயோ, தையல்ல எறங்குதுடி!" என்று ரகு அலறினான்.

"தோலுதானங்க, மூச்சு வுட்டுக்கும்" என்றாள்.

வீடு வந்ததும் அவன் இறங்கிய வேகத்தில் வாளியும் பிரஷ்ஷும் பாட்டில்களும் வந்தன. சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்த உருவம் முதுகும் இடுப்புமாகப் பளிச்சென்று மஞ்சளில் இருந்தது. ரகு மண்டியிட்டு முதல் துளி நுரையைத் துணியில் வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஜானகியம்மாளின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"இன்னா பண்ற நீ? ஆத்தா மஞ்சள சோப்பு போட்டு தொடைக்கிறியா?"

"யம்மா, இப்பவே தொடைக்கலன்னா ஊறிடும்மா!"

"ஊறட்டும். அவ உக்காந்த எடம்டா அது, உருவத்த பாரு. எவனுக்குக் கெடைக்கும்?"

அவள் அதோடு நிற்கவில்லை, எதிர்வீட்டிலும் போய்ச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக ஷெட்டுக்கு வந்தார்கள். சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி குங்குமம் வைத்தாள். அடுத்தவள் சும்மா தொட்டால் எப்படி என்று எண்ணெய் விளக்கைக் கொண்டுவந்தாள். லெதர் மூச்சு விடும் என்று அவர்களுக்கெல்லாம் ஏற்கனவே ரகுவே சொல்லி வைத்திருந்ததால், ஆத்தா மூச்சு விடுகிறாள் என்று ஒரு பேச்சும் கிளம்பிவிட்டது. பால்காரர்கூட வந்தார்.

எல்லோரும் போனபிறகு ரகு காரின் பக்கத்தில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தான். திலகவதி கொடியிலிருந்து குழந்தைத் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெயில்ல வெச்சா மஞ்ச தானா போய்டுங்க. எந்த மஞ்சளும் வெயிலுக்கு நிக்காது" என்றாள்.

"வெயில்ல வெச்சா லெதர் பொளந்துடும்."

"அப்போ மஞ்சளே இருக்கட்டும்."

அவன் பிரஷ்ஷை வாளிக்குள் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"திலகா, உண்மைய சொல்லு. அன்னிக்கு ஆட்டோல நெசமாவே இப்டி நேந்துக்கினியா?"

திலகவதி ஒரு சின்னச் சட்டையை உதறி மடித்தாள்.

"நீங்களும் அந்த ஆட்டோல வந்திருந்தா, உங்க காதுலயே உழுந்திருக்குமேங்க" என்றாள்.