கடைசி வார்த்தை

நடைபாதையில் பெரியவர்கள் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று எங்கள் வீட்டுக்கு எதிரே பலகை எழுதியவன் நான்தான். நகராட்சி பெயிண்டர்; எழுதச் சொன்னதை எழுதுவேன். தினமும் நடைபாதையிலேயே ஆலைக்குப் போகும் அண்ணன், மறுநாள் சைக்கிளைச் சாலையில் இறக்கினார்.

"யாரு பாக்கப் போறாங்க? மேலயே போங்கண்ணே" என்றேன்.

"தம்பி எழுதின போர்டை நானே மீறினா உனக்குத்தான் அசிங்கம்."

மூன்றாம் நாள் லாரி அடித்து அங்கேயே உயிர் போயிற்று.

நேற்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். இனி ஓட்டலாமாம்.

"புதுப் பலகையெல்லாம் வேண்டாம். கடைசி வார்த்தையை மட்டும் மாத்திடுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் அதிகாரி.

நாசமாய்ப் போகிற ஐந்து நிமிஷம். எழுதி முடித்துத் திரும்பினால், அண்ணி வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"இதையும் நீங்கதான் எழுதினீங்களா, தம்பி?"